வராதவர் பங்கு

ஸூமா குண்டா
9 அக்டோபர் 1988

இல்லை அக்கா, பிள்ளைகளை அடிக்கவில்லை. அடித்தால் புரிந்துவிடும் என்று எழுதியிருந்தாய். ஹெட்மாஸ்டரும் அதையே சொல்கிறார். கையில் குச்சி இருக்கிறது, கரும்பலகையில் கோடு போட மட்டும்.

நலம் கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன். வீட்டார் எங்கே? அம்மா எங்கே? அப்பா எங்கே? உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் எங்கே? 'இருக்கிறார்கள், இருக்கிறார்கள்' என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. நானும் இருக்கிறேன். சுரம் வந்து போனது.

நாலாம் வகுப்பு. பின்னம். புத்தகத்தில் ஒரு கேக் படம், நாலாக வெட்டியது. பிள்ளைகள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், இது பள்ளிவாசல் முரசா?" என்றான் யுசுபா. எதற்கும் முதலில் வாய் திறப்பவன்.

"தின்கிற பண்டம்டா."

"தின்கிறதை ஏன் டீச்சர் வெட்டுறாங்க? கிண்ணத்துல போட்டா போதாதா?"

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நம் வீட்டில் என்றைக்காவது சோற்றை வெட்டியிருக்கிறோமா? ஒரு பெரிய கிண்ணம், சுற்றிலும் நாம். அவரவர் முன்னால் இருப்பது அவரவருக்கு. நடுவில் கோடு கிடையாது. இருந்தும் யார் கையும் தாண்டாது. இத்தனை வருஷம் அந்தக் கோட்டைப் பார்க்காமலேயே சாப்பிட்டிருக்கிறேன். இப்போது அதைச் சாக்பீஸால் போடச் சொல்கிறார்கள். எங்கே போடுவது என்று தெரியவில்லை.

மே மாதம் இன்ஸ்பெக்டர் வருகிறார். என் பின்னப் பாடத்தைத்தான் உட்கார்ந்து பார்ப்பாராம். அவர் சரி என்றால் பயிற்சிக் கல்லூரிக்கு என் பெயர் போகும். டூரே வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது அப்பா சொன்னது உனக்கு நினைவிருக்கும்: "இன்ஸ்பெக்டர் என்ன சொல்றார்னு பார்ப்போம். அதுவரைக்கும் நான் வாய் திறக்கல." அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் நான் இங்கே குடியிருக்கிறேன்.

என் கிண்ணத்தை அம்மா எடுத்து வைக்கிறாளா?

பிள்ளைகளுக்கு முத்தம்.
தீடா

*

குன்ஜூர்
2 நவம்பர் 1988

தங்கச்சி தீடாவுக்கு, வீட்டார் இருக்கிறார்கள். அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார், அவர் முழங்கால் வலியும் இருக்கிறது. உன் சுரம் எங்கே? போனதா? கசப்பு இலையைக் கொதிக்கவைத்துக் குடி. முகத்தைச் சுளிக்காதே, இங்கிருந்து தெரிகிறது.

கிண்ணம் கேட்டாய். நீலக் கிண்ணம், விளிம்பு உரிந்தது. அம்மா முதலில் அதில் உன் பங்கை எடுத்து மூடிவைக்கிறாள். அதற்கப்புறம்தான் பெரிய கிண்ணத்தில் மற்றவர் கை படலாம். மீனின் நல்ல துண்டு உனக்குப் போகிறது என்று தம்பிகள் புலம்புகிறார்கள். ராத்திரிவரை நீ வராவிட்டால், காலையில் நான் போய்ச் சூடுபண்ணித் தின்கிறேன்.

கல்யாணமாகிப் போனவளுக்கு அந்த வீட்டில் பங்கு கிடையாது. என் கிண்ணம் நின்று எட்டு வருஷமாகிறது. உன்னுடையதைத் தின்று சரிக்கட்டுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே. அவளுக்குத் தெரியும்.

உன்னைப் பெண் கேட்ட டூரே வீட்டு சங்குங் போன வாரம் வந்தான். நலம் கேட்டான், ஒரு மணி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், போய்விட்டான். அப்பா வாய் திறக்கவில்லை.

கேக்கை விடு. ரொட்டியை வெட்டிக் காட்டேன். ரொட்டி எல்லாருக்கும் தெரியுமே.

உன் அக்கா
ஸிரே

*

ஸூமா குண்டா
4 டிசம்பர் 1988

அக்கா, வீட்டார் எங்கே? அப்பாவின் முழங்கால் எங்கே? இங்கே எல்லாரும் இருக்கிறார்கள். காற்று காய ஆரம்பித்துவிட்டது. உதடு வெடிக்கிறது.

நீ சொன்னபடி ரொட்டி. நம் கடிதங்களைச் சுமக்கிற வேன் டிரைவர் பாஸே சந்தையிலிருந்து கொண்டுவந்தார். நாலு பேரை முன்னால் நிறுத்தினேன். மன்சாதாவிடம் கத்தியைக் கொடுத்தேன். அமைதியான பெண். கை சுத்தம்.

"நாலு பேருக்கும் சமமா வெட்டு."

வெட்டினாள். நிதானமாக, அளந்து. எல்லாம் சமம். ஐந்து துண்டு.

"எத்தனை பேர் நிக்கிறாங்க?"

"நாலு பேர் டீச்சர்."

"எத்தனை துண்டு?"

"அஞ்சு."

"ஏன்?"

"ஒண்ணு வராதவங்களுக்கு."

"யாரு வரல?"

"இப்ப எப்படித் தெரியும் டீச்சர்? வந்தாதானே தெரியும்."

யுசுபா எழுந்தான். "எங்க வீடா இருந்தா ஆறு வெட்டணும் டீச்சர். எங்க மாமா சரியா சோத்து நேரத்துக்குத்தான் வழி தவறுவாரு."

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. கரும்பலகையில் நாலில் ஒன்று என்று எழுதி வைத்திருந்தேன். பெஞ்சில் ஐந்தில் ஒன்று கிடந்தது. எது தப்பு?

சமாளிப்பதற்காக வேறு கேள்விக்குப் போனேன். நாலில் ஒன்று பெரிதா, ஐந்தில் ஒன்று பெரிதா? "அஞ்சு" என்றார்கள் எல்லாரும். நாலைவிட ஐந்து பெரிய எண், அதனால் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மன்சாதா வேறு காரணம் வைத்திருந்தாள். "அஞ்சு பேர் உக்காந்தா பெரிய கிண்ணமா வைப்பாங்கல்ல?"

முழுசு எப்போதும் ஒரே அளவு என்று யார் இவர்களுக்குச் சொன்னது? நான்கூடச் சொல்லவில்லை.

இவர்கள் இப்படி வெட்டினால் இன்ஸ்பெக்டர் தப்பு போடுவார். தப்பு போட்டால் நான் குன்ஜூருக்கு வருவேன். வந்தால் அப்பா வாய் திறப்பார். இது மட்டும் தெளிவாகப் புரிகிறது.

அம்மாவை நலம் கேட்டதாகச் சொல்.
தீடா

*

குன்ஜூர்
22 ஜனவரி 1989

தங்கச்சி தீடா, வீட்டார் இருக்கிறார்கள். தாமதத்துக்குக் காரணம் வேலைதான். பிள்ளைகளுக்கு அம்மை வந்து இறங்கியது. இப்போது ஓடுகிறார்கள். கடலில் காற்று, போங்கா மீன் வரத்துக் குறைவு. உன் உதட்டுக்கு எண்ணெய் தடவு.

இந்த மூட்டையில் கருவாடு இருக்கிறது. புகையிட்டது, கெடாது. துணியில், பெரியவர்கள் மெல்லுகிற கோலாக் கொட்டையில் ஒரு பாதி முடிந்திருக்கிறது. ஈரத்துணியில் வை, காயவிடாதே. உனக்கும் போகவேண்டும் என்று அம்மா சொன்னாள்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.
ஸிரே

*

ஸூமா குண்டா
12 பிப்ரவரி 1989

அக்கா, வீட்டார் எங்கே? பிள்ளைகளின் அம்மைத் தழும்பு எங்கே? நான் இருக்கிறேன். கருவாட்டு வாசனை என் அறையில் குன்ஜூரைக் கொண்டுவந்துவிட்டது. பக்கத்து அறை டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டு கேட்டாள்.

கோலாவுக்கு நன்றி. யோசித்துப் பார். கோலாவை வெட்டவே வேண்டாம். தோலை உரித்து நகத்தால் நெம்பினால் தானாக இரண்டாகும். கத்தியில்லாத பின்னம். வகுப்பில் உயர்த்திப் பிடித்தேன்.

"இது எவ்வளவு?"

"பாதி" என்றார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. இந்த வருஷத்தில் முதல் தடவை.

"யாருக்குக் கல்யாணம் டீச்சர்?" என்றான் யுசுபா.

"என்னது?"

"பாதிக் கோலாவைத் துணியில முடிஞ்சு அனுப்பினா கல்யாணம் பேசி முடிச்சாச்சுன்னுதானே. மீதிப் பாதி இன்னொரு சொந்தக்காரங்க கையில இருக்கும்."

"தெரியல."

"கோலா வந்திருக்கு, யாருக்குன்னு தெரியாதா? நீங்க நிஜமாவே சொந்தக்காரங்கதானா டீச்சர்?"

நானும் சிரித்தேன். மன்சாதா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னம்மா மகளுக்கா? அவளுக்குப் பதினாறுகூட ஆகவில்லையே. எழுது. வாழ்த்துச் சொல்ல வேண்டும்.

நீலக் கிண்ணத்தைப் பற்றி இந்தத் தடவை நீ எழுதவில்லை.
தீடா

*

குன்ஜூர்
19 மார்ச் 1989

தங்கச்சி தீடா, வீட்டார் இருக்கிறார்கள். அப்பாவின் முழங்காலுக்கு பிரிக்காமாவில் ஒருவர் மருந்து கட்டினார். பரவாயில்லை. கூரைத் தகரம் ஒன்று பறந்து அடுத்த வீட்டு முற்றத்தில் விழுந்தது. ஆடு தப்பித்தது. மாம்பூ நிறைய. உன் உடம்பு எப்படி?

பிள்ளைகள் கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டுமா? பாடத்தை மட்டும் நடத்து.

சங்குங் கெட்டவன் இல்லை. பேச்சுக்குச் சொல்கிறேன். நம் வீட்டுத் தகரத்தை அவன்தான் ஏறி அடித்துக் கொடுத்தான். ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டிருந்ததால் அன்றைக்கும் பேசவில்லை.

காலையில் நான் இப்போதெல்லாம் அம்மா வீட்டுக்குப் போவதில்லை. வேலை சரியாக இருக்கிறது.

கோலாவைப் பத்திரமாக வை.
ஸிரே

*

ஸூமா குண்டா
8 ஏப்ரல் 1989

அக்கா, வீட்டார் எங்கே? நோன்பு தொடங்கிவிட்டது. அப்பா தாங்குகிறாரா? இங்கே பிள்ளைகள் நோன்பு என்று சொல்லிக்கொண்டு மாமரத்துக்குப் பின்னால் போய் வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள்.

இப்போது கூட்டல். பாதியும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? மன்சாதா ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டி. தப்பு என்றேன்.

"எங்க வீட்டுல ரெண்டு பேருல ஒருத்தர் வந்தாங்க. அடுத்த வீட்டுல மூணு பேருல ஒருத்தர் வந்தாங்க. மொத்தம் அஞ்சு பேருல ரெண்டு பேர் வந்திருக்காங்க. எங்க டீச்சர் தப்பு?"

இரண்டு வீட்டையும் ஒரே வீடு என்று வைத்துக்கொள், அப்போதுதான் கூட்டலாம் என்றேன். "ரெண்டு வீடு எப்படி டீச்சர் ஒரே வீடாகும்?" என்றாள். மணி அடித்துவிட்டது.

கோலா சுருங்குகிறது. ஈரத்துணி மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். ஓரம் கறுத்துவிட்டது. இப்போதும் இது பாதிதானா? மற்ற பாதி வேறொருவர் கையில் ஈரமாக இருந்தால்?

நீ அம்மா வீட்டுக்குக் காலையில் போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை ஊருக்கு ஊர் கொண்டுபோகிற சாமான் மாதிரி தூக்கிக்கொண்டு அலைகிறேன். சூடுபண்ண அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தமா?

நேராகக் கேட்கிறேன். அந்தக் கோலா யாருடைய கல்யாணத்துக்கு?
தீடா

*

ஸூமா குண்டா
10 மே 1989

அக்கா, வீட்டார் எங்கே?

பெருநாள் முடிந்தது. பதில் வரவில்லை. இரண்டு தடவை வேன் வந்தது. டிரைவர் இரண்டு தடவையும் கையை விரித்துக் காட்டினார்.

இருபத்து நாலாம் தேதி இன்ஸ்பெக்டர். தினமும் ரொட்டி வெட்டுகிறோம். நாலு பேர் என்றால் நாலு துண்டு. ரொட்டி இல்லாத நாளில் களிமண். வராதவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "ஏன் டீச்சர்?" என்று கேட்டார்கள். பரீட்சை என்றேன். புரிந்துகொண்டார்கள். பரீட்சை என்றால் வீட்டு வழக்கம் கிடையாது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மன்சாதா இப்போது சரியாக நாலு வெட்டுகிறாள். வெட்டி முடித்ததும் கத்தியைக் கீழே வைக்காமல் கொஞ்சம் நிற்கிறாள்.

கணக்கு சரியாக வருகிறது. என்ன கற்றுக்கொடுத்தேன் என்பதுதான் குழப்பமாக இருக்கிறது.

எழுது.
தீடா

*

குன்ஜூர்
20 மே 1989

தீடா, வீட்டார் இருக்கிறார்கள். உடம்பில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோலா உன்னுடையது.

ஜனவரியில் டூரே வீட்டிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். பேச மட்டும் என்றார்கள். கூடையில் கோலா இருந்தது. நான் உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னது காதில் விழுந்தது: "இன்ஸ்பெக்டர் மே மாசம்தான் வர்றார். கோலா இப்பவே வந்துடுச்சே. வாசல் வரைக்கும் வந்ததைத் திருப்பினா நல்லாவா இருக்கும்?" கேட்டது போலச் சொன்னார். யாரும் பதில் சொல்லாததால் அது முடிவாகிவிட்டது.

உடைத்தார்கள். சொந்தத்தில் ஒவ்வொருவருக்கும் பாதி. என் கையிலும் ஒன்று வைத்தார்கள். அம்மா ஒரு பாதியை எடுத்துத் துணியில் முடிந்தாள். "இது தீடாவுக்கு. அவளுக்கும் இதுல பங்கு இருக்கு" என்றாள். அத்தை சிரித்தாள். "கல்யாணப் பொண்ணுக்கே யாராவது கோலா அனுப்புவாங்களா?" அம்மா சிரிக்கவில்லை. முடிச்சைப் பல்லால் இறுக்கினாள்.

நான் எழுதியிருக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் அம்மையும் தகரமும்தான் வந்தன.

கிண்ணம் கேட்டாய். மறுநாளும் அம்மா உனக்கு எடுத்து வைத்தாள். அத்தை பார்த்துவிட்டாள். "இனி அவ டூரே வீட்டுப் பொண்ணு. இங்க எதுக்குப் பங்கு?" அம்மா நீலக் கிண்ணத்தைக் கழுவி அலமாரியில் கவிழ்த்துவிட்டாள். வேறு யாரையும் தொடவிடுவதில்லை.

டூரே வீட்டுக்குப் போய் விசாரித்தேன். அங்கே உனக்கு எடுத்து வைக்கிறார்களா என்று. கல்யாணம் முடியட்டும், அப்புறம்தான் என்றார்கள். ஆக, ஜனவரியிலிருந்து இரண்டு வீட்டிலும் உனக்கு இல்லை. நீ டீச்சர். இந்தக் கணக்கு எப்படி என்று நீதான் சொல்ல வேண்டும்.

மழைக்கு முன்னால் உன்னை அழைத்துவர அப்பா ஆள் அனுப்புகிறார்.

என் பாதியை நான் தின்னவில்லை.
ஸிரே

*

ஸூமா குண்டா
29 மே 1989

அக்கா, வீட்டார் எங்கே? நான் இருக்கிறேன்.

உன் கடிதம் இன்ஸ்பெக்டர் வந்துபோன மறுநாள் வந்தது. நல்ல வேளையா என்று சொல்லத் தெரியவில்லை.

அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மன்சாதாவோடு சேர்த்து நாலு பேரை நிறுத்தினேன். மன்சாதா நாலு வெட்டினாள். நாலில் ஒன்று என்று எழுதினாள். எடுத்துக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் யுசுபா உள்ளே வந்தான். இன்ஸ்பெக்டருக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துவர ஹெட்மாஸ்டர் அவனைக் கிணற்றுக்கு அனுப்பியிருந்தார். குவளையை மேஜையில் வைத்துவிட்டு ரொட்டியைப் பார்த்தான். நாலு கையிலும் நாலு துண்டு.

ஒருவரும் வாயில் வைக்கவில்லை.

"பரவால்ல டீச்சர்" என்றான் யுசுபா. "நான் எங்க மாமா மாதிரி இல்ல. எனக்கு வழி தெரியும். திரும்பிப் போய்க்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. மன்சாதா தன் துண்டை இரண்டாகப் பிய்த்து அவனிடம் நீட்டினாள். இன்ஸ்பெக்டர் உற்சாகமாகி, "இப்ப அவன் கையில எவ்வளவு?" என்று கேட்டார். எட்டில் ஒன்று என்று வகுப்பே சொன்னது. "பிரமாதம்" என்றார். அவருக்கு அது கணக்கு. மன்சாதா அழுதாள். அவள் ஏன் அழுதாள் என்று அவர் கேட்கவில்லை.

தேறிவிட்டேன். கல்லூரிக்கு என் பெயர் போகிறது. செப்டம்பரில் சேர வேண்டும். அப்பா காத்திருப்பதாகச் சொன்ன நாள் வந்துவிட்டது, அக்கா. அவர்தான் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை.

கோலாவைத் திருப்பி அனுப்புகிறேன். அதே துணி, அம்மாவின் அதே முடிச்சு மாதிரி போட்டுப் பார்த்தேன், வரவில்லை. காய்ந்து சுருங்கி விரல்நுனி அளவாகிவிட்டது. ஆனாலும் பாதிதான். எனக்குப் பங்கு இருக்கிறது என்று அம்மா சொன்னாள். என் பங்கை நான் வாங்கிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் தங்களுடையதைத் தின்றிருப்பார்கள். பாதியைத் திருப்பினால் கல்யாணம் பாதி நிற்குமா, முழுக்க நிற்குமா? தெரியவில்லை. அப்பாவின் கோபம் எவ்வளவு நாள் என்றும் தெரியவில்லை. சங்குங்கிடம் நான் சொன்னதாகச் சொல், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தகரத்துக்கு நன்றி.

ஆள் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்புவேன்.

முடிச்சை அம்மா கையில் மட்டும் கொடு. உன் பாதியையும் அதோடு வை. கிண்ணத்தை நிமிர்த்தச் சொல். வீட்டார் எங்கே என்று யாராவது கேட்டால் அம்மா பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே வருவாளே. என் பெயர் வரும்போது நிறுத்த வேண்டாம். தீடா இருக்கிறாள் என்று சொல்லட்டும்.

உன் தங்கை
தீடா

பி.கு. இதை டிரைவரிடம் கொடுக்க வந்தேன். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். அதற்குள் வகுப்புக்குப் போய் மன்சாதாவிடம் ரொட்டியைக் கொடுத்து, நாலு பேருக்கு வெட்டச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வெட்டினாள். சரி போட்டுவிட்டு வந்தேன்.